டார்க் ஸ்டார்: எந்த நாள் பதிவைக் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேட்ஃபுல் டெட் 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய குழு. பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம், ஜாடி ஊதி வாசிக்கும் ஜக் பேண்ட் என்று நாட்டுப்புற இசையில் கை பழகியவர்கள் மின்கிட்டாருக்கு மாறியபோது பிறந்த சங்கீதம் அது. அவர்களுடைய டார்க் ஸ்டார் என்ற ஒரே பாட்டை வெவ்வேறு நாள் பதிவுகளில் போட்டு ஒப்பிட்டுக் கேட்பதற்காக, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பாட்டு ஓடும்போது பதில் சொன்னால் மற்றவர்கள் முறைக்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணே, பாட்டு எப்பதான் ஆரம்பிக்கும்?

ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது தம்பி. முதலில் கிட்டாரும் பேஸும் சேர்ந்து வாசித்த சின்னச் சொற்கட்டுதான் பாட்டின் முகம். அதற்குப் பிறகு வாசித்துக்கொண்டே போவார்கள். பாடும் பகுதி இரண்டே இரண்டு குட்டிச் சரணங்கள். இரண்டையும் சேர்த்தாலும் சில நிமிடங்கள் தேறாது. பெரும்பாலானோர் முதலில் கேட்கும் பதிவில் முதல் சரணம் வருவதற்கே சுமார் 6 நிமிடம் ஆகும். பாட்டுக்காகக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். காத்திருக்கும் நேரம்தான் பாட்டு.

ஒரே பாட்டுதானே, அதுக்கு எதுக்கு இத்தனை பதிவு?

1967 கடைசியிலிருந்து 1994 மார்ச் 30, அட்லான்டா கச்சேரி வரை இதை மேடையில் இருநூறு தடவைக்கு மேல் வாசித்திருக்கிறார்கள். முகமும் சரணமும் மட்டும் நிலையானவை. நடுவில் என்ன வரும் என்பது அன்றைய பொழுதைப் பொறுத்தது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஒரு தடவை கேட்டவர் ‘அதான் கேட்டாச்சே’ என்று எழுந்து போவாரா? அதே கதைதான்.

வேடிக்கை என்னவென்றால், 1968 ஏப்ரலில் சின்ன இசைத்தட்டாக வந்த ஸ்டுடியோ வடிவம் மூன்று நிமிடம்கூட இல்லை. அதன் கடைசியில் குழுவின் கிட்டார்காரரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா பாஞ்சோ வாசிக்க, பாட்டெழுதிய ராபர்ட் ஹன்டரின் குரல் ஏதோ சொல்லிக்கொண்டே தேய்ந்து மறையும். ஒரு வருடத்துக்குள், 1969 பிப்ரவரி 27 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோ ஃபில்மோர் வெஸ்டில் அதே பாட்டு 23 நிமிடம் 18 வினாடி ஆகிவிட்டது.

புதுசா கேக்கறவங்க எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

மேலே சொன்ன ஃபில்மோர் வெஸ்ட் பதிவிலிருந்து. 1969 நவம்பரில் வந்த ‘லைவ்/டெட்’ இரட்டை இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் அதுதான். எங்கேயும் சிக்கல் இல்லாமல் தெளிந்த தண்ணீர் மாதிரி ஓடும். அதைக் குறைந்தது நாலு தடவை கேளுங்கள். முகமும் சரணமும் மனப்பாடம் ஆனால்தான் மற்ற பதிவுகளில் அவர்கள் எதைத் தவிர்க்கிறார்கள் என்பது பிடிபடும்.

அந்த இசைத்தட்டில் பாட்டு தேய்ந்த ஒலியிலிருந்து மெல்ல எழும்பி வருவதைக் கவனித்திருப்பீர்கள். அன்றைக்கு அதற்கு முன்னால் அக்கூஸ்டிக் கிட்டாரோடு ஒரு மெதுவான பாட்டு பாடி, நிறுத்தாமல் அதிலிருந்து நேராக இதற்குள் வந்தார்கள். அந்த நாலு நாள் கச்சேரிகளும் முழுசாக 10 சிடிகளில் 2005இல் வெளியாயின. அதில் கேட்டால் கதவு எங்கே இருந்தது என்று தெரியும்.

ஏம்ப்பா, இது நம்ம ராகம் தானம் பல்லவி மாதிரிதானே?

கேட்டவர் எங்கள் மாடி வீட்டு மாமா. ராமநவமிக்குச் சாமராஜப்பேட்டைக் கச்சேரிகளுக்கு வருஷம் தவறாமல் போகிறவர். முதல் நாளே இரண்டு நிமிடத்தில் ‘ஹரிகாம்போதின்னா இது!’ என்றார். சரிதான். மேற்கத்தியர்கள் மிக்ஸோலிடியன் என்று சொல்லும் இந்த ஸ்வரக்கட்டு நம் 28ஆவது மேளம். அந்தர காந்தாரம், கைசிகி நிஷாதம். ஸ்ருதி ஏ, நம் கணக்கில் 6 கட்டை. முதல் சரணம் வரை பெரும்பாலும் அந்த ஸ்வரங்களுக்குள்தான் உலாத்துவார்கள். அப்புறம் அன்னிய ஸ்வரம் எல்லாம் தாராளமாக வரும்.

ஒப்புமை அதோடு நின்றுவிடுகிறது. நம் ஆலாபனையில் ஒருவர் வழி காட்ட, வயலின் பின்னால் வரும். இங்கே பின்னால் வருகிறவர் என்று யாரும் கிடையாது. தாளமும் அப்படித்தான். மாமா தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே வந்தார். எட்டு அட்சரம் முதலில் அழகாகப் பொருந்தியது. சரணம் முடிந்து கொஞ்ச நேரத்தில் டிரம்ஸ் அடங்கியது. விரல் எண்ணிக்கை நடுவில் நின்றது. சுண்டுவிரல் மட்டும் மடங்கியபடி கையை அப்படியே வைத்திருந்தார். தாளம் திரும்பி வந்தபோது மறுபடி எண்ண ஆரம்பிக்கவில்லை.

அப்போ யாரைக் கவனிச்சுக் கேக்கணும்?

பேஸ் கிட்டார் வாசித்த ஃபில் லெஷை. வயலினில் தொடங்கி, ட்ரம்பெட்டுக்கு மாறி, மேற்கத்திய நவீன இசையமைப்பு படித்தவர். 1965இல் இந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் பேஸையே கையில் எடுத்தார். அதனால் பேஸ்காரர்கள் வழக்கமாகச் செய்கிற, அடித்தளத்தில் சும்மா தட்டிக்கொண்டிருக்கும் வேலையை அவர் செய்யவே இல்லை. கார்சியா ஒன்று சொன்னால் இவர் கீழே இருந்து வேறொன்று சொல்வார். ஹெட்ஃபோனில் ஒரு தடவை முழுக்க அவரை மட்டும் தொடர்ந்து போங்கள். பாட்டு வேறாகிவிடும்.

ரெண்டு பதிவை எப்படி ஒப்பிடறது? அரை மணி நேரம் ஞாபகத்துல நிக்கவே மாட்டேங்குது சார்.

முழுதாக ஒப்பிடாதீர்கள். யாராலும் முடியாது. நாங்கள் மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். முகத்திலிருந்து முதல் சரணம் வரை ஒன்று. சரணம் முடிந்த உடனே வரும் ஐந்து நிமிடம் ஒன்று. பாட்டு எதில் போய் முடிகிறது என்பது மூன்றாவது. இவற்றில் இரண்டாவதுதான் உரைகல். சரணத்தின் கடைசிச் சொல் ஒலித்து அடங்கும்போது எல்லாரும் ஒரு கணம் வெறுங்கையோடு நிற்பார்கள். அங்கே யார் முதலில் வாய் திறக்கிறார் என்று பாருங்கள். 1970 பிப்ரவரி 13, நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் பதிவில் கிட்டத்தட்ட யாருமே திறக்கமாட்டார்கள். ஸ்பீக்கர் மெல்லக் கூவும் ஃபீட்பேக், எங்கேயோ காங் என்ற பெரிய சேகண்டியின் ஒலி, மற்றபடி மௌனம். அதிலிருந்து ஒவ்வொரு நூலாக இழுத்துக் கட்டி மேலே வருவார்கள்.

இன்னொன்று: ஒரே வருடத்து இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். 1969ஐயும் 1989ஐயும் பக்கத்தில் வைத்தால் ஆட்கள் மாறியதும் வாத்தியம் மாறியதும்தான் காதில் விழும்.

5/11/72ன்னு எழுதியிருந்தீங்க. நவம்பர்ல தேடிப் பார்த்தேன், ஒண்ணுமே இல்லையே?

அமெரிக்கக் கணக்கில் மாதம் முன்னால் வரும். அது 1972 மே 11, ராட்டர்டாம். நம் ஊர் ஆட்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதில் விழுந்திருக்கிறோம்.

நீளமானதுதான் ஒசத்தியா?

இல்லை. இப்போது சொன்ன ராட்டர்டாம் பதிவுதான் ரொம்ப நீளமானது, சுமார் 48 நிமிடம். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். அந்தக் காலத்தில் கேசட்டில் நகல் எடுத்தவர்கள் பாட்டு நடுவில் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். நடுவில் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் மாதிரி ஒன்று வரும். அந்த இடத்தில் எனக்கு இரண்டு தடவை கண் அயர்ந்திருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது.

1973 டிசம்பர் 6, கிளீவ்லேண்ட் பதிவும் 40 நிமிடத்தைத் தாண்டும். அது என்னைத் தூங்க விட்டதில்லை. எதற்கும் அவசரப்படாத வாசிப்பு. ஆனால் முதல் பதிவாகக் கேட்டவர்கள் இருவர் அடுத்த மாதம் வரவே இல்லை. அதனால் இப்போது புதியவர்களுக்குப் போடுவதில்லை.

ஒரே நாள், ஒரே கச்சேரி. ஒரு இடத்துல 31 நிமிஷம்னு இருக்கு, இன்னொரு இடத்துல 19ன்னு இருக்கு. எது சரி?

பெரும்பாலும் இரண்டும் சரியாக இருக்கும். ஒருவர் டிரம்ஸ் பகுதியைத் தனி ட்ராக்காக வெட்டியிருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். சில சமயம் ஸ்பூல் டேப் தீர்ந்து மாற்றும் நேரத்தில் ஓட்டை விழுந்திருக்கும். அந்த இடத்தில் ஒலி திடீரென்று தாவும்.

மூன்றாவது காரணம் சுவாரஸ்யமானது. டேப் ஓடிய வேகம். நகலெடுத்த மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால் ஸ்ருதி ஏறும், நேரம் குறையும். அரைக் கட்டை ஏறினால் கிட்டத்தட்ட 6 சதவீத வேகம் கூடுதல் என்று கணக்கு. அப்போது 30 நிமிடப் பாட்டு 28 நிமிடம் 20 வினாடி ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க நமக்குக் கருவி கையிலேயே இருக்கிறது. போனில் தம்பூரா ஆப்பை 6 கட்டைக்கு வைத்து பாட்டின் முகத்தோடு சேர்த்து ஓட விடுங்கள். பதிவு ஆறரையில் நின்றால் டேப்பைச் சந்தேகப்படலாம். மயிரிழை வித்தியாசத்தை விட்டுவிடுங்கள், மேடையில் அவர்களே அப்படித்தான் ஸ்ருதி சேர்த்திருப்பார்கள். இந்த யோசனை மாமாவுடையது.

சவுண்ட்போர்டு, ஆடியன்ஸ், மேட்ரிக்ஸ்… எதை எடுக்கறது?

சவுண்ட்போர்டு என்பது மேடை மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது. ஆடியன்ஸ் என்பது ரசிகர் மைக் நட்டு எடுத்தது. மேட்ரிக்ஸ் என்பது இரண்டையும் கலந்தது. எந்த வாத்தியம் எங்கே போகிறது என்று பின்தொடர சவுண்ட்போர்டு. வேறு யோசனை வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு மட்டும்: 1989 அக்டோபர் 9, வர்ஜீனியா ஹாம்ப்டன். 1984 ஜூலைக்குப் பிறகு ஐந்து வருடம் இந்தப் பாட்டைத் தொடவே இல்லை. அன்று தங்கள் பழைய பெயரான வார்லாக்ஸைப் போட்டு டிக்கெட் விற்று, முன்னறிவிப்பு இல்லாமல் இதை எடுத்தார்கள். முகத்தின் முதல் ஸ்வரங்கள் விழுந்ததும் அரங்கம் போட்ட சத்தத்தில் அடுத்த ஸ்வரங்களே கேட்காது. சவுண்ட்போர்டில் அந்தச் சத்தம் பக்கத்துத் தெருக் கூட்டம் மாதிரி இருக்கும். ஆடியன்ஸ் டேப்பில் நீங்கள் அதற்குள் நிற்பீர்கள்.

இதெல்லாம் திருட்டு ரெக்கார்டிங் இல்லையா?

இல்லை. ரசிகர்கள் பதிவு செய்வதை இந்தக் குழுவே அனுமதித்தது. 1984 அக்டோபரிலிருந்து மைக் வைக்கிறவர்களுக்கென்று அரங்கில் தனிப் பகுதியே ஒதுக்கினார்கள். நிபந்தனை ஒன்றுதான்: மாற்றிக்கொள்ளலாம், விற்கக்கூடாது. இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் ஆடியன்ஸ் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம். சவுண்ட்போர்டுகளை அங்கேயே ஓடவிட்டுக் கேட்கலாம். 2005இல் வந்த ஏற்பாடு அது. யாராவது பென் டிரைவில் போட்டுக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

தேதி சொல்லாமலே எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க? மனப்பாடமா?

மனப்பாடம் கொஞ்சம். மீதி, யார் இருக்கிறார், யார் இல்லை என்ற கணக்கு. ஆர்கனும் இரண்டு டிரம்ஸும் இருந்து, பின்னால் கட்டையைச் சுரண்டுகிற மாதிரி கர்ர் கர்ர் என்று ஒரு ஒலியும் வந்தால் 1968-69. அந்தச் சுரண்டல் கீரோ என்ற வாத்தியம். ஆர்கன் வாசித்த டாம் கான்ஸ்டன்டன் 1970 ஜனவரியில் விலகினார். 1971 பிப்ரவரியில் இரண்டாவது டிரம்மர் மிக்கி ஹார்ட்டும் போனார். அந்த வருட அக்டோபரில் பியானோவோடு கீத் காட்ஷோ வந்தார். ஆகவே ஒற்றை டிரம்ஸ், மணி மணியாகப் பியானோ என்றால் 1972 பக்கம். மின் பியானோவின் கண்ணாடி ஒலி சேர்ந்தால் 1973 நடுவுக்கு மேல்.

கிட்டார் திடீரென்று புல்லாங்குழலாகவோ ட்ரம்பெட்டாகவோ மாறினால் சந்தேகமே வேண்டாம், 1989 அல்லது அதற்குப் பிறகு. மிடி என்ற தொழில்நுட்பம் கையில் கிடைத்திருந்தது. எனக்கு அந்த ஒலி பிடிக்காது. பிடித்தவர்கள் எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள், காபி கொடுக்கிறோம்.

1977 கார்னெல்தான் டாப்புன்னு சொல்றாங்களே, அந்த டார்க் ஸ்டாரைப் போடுங்க அண்ணா.

இருந்தால் போடமாட்டேனா? 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி புகழ்பெற்றதுதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிப்பதிவுப் பதிவேட்டிலேயே இடம் பெற்றிருக்கிறது. ஆனால் அதில் டார்க் ஸ்டார் இல்லை. அந்த வருடம் முழுக்க எங்குமே இல்லை. 1974 அக்டோபர் 18க்குப் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ ரசிகர்கள் இதை மறுபடி கேட்டது 1978 டிசம்பர் 31 இரவு, வின்டர்லேண்ட் அரங்கம் மூடப்பட்ட நாளில். இந்தப் பாட்டைக் கேட்டு 1535 நாள் ஆயிற்று என்று யாரோ அரங்கில் பேனரே கட்டியிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. உங்களுக்கு எது?

1972 ஆகஸ்ட் 27, ஆரிகன் மாநிலம் வெனீட்டா. ஒரு தயிர் கம்பெனிக்குப் பணம் திரட்ட நடத்திய திறந்தவெளிக் கச்சேரி. தயிர் லேபிளிலேயே டிக்கெட் அச்சடித்தார்கள். நந்தினி தயிர்ப் பாக்கெட்டைக் காட்டி உள்ளே போகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 38 டிகிரிக்கு மேல் வெயில், கிட்டார் ஸ்ருதி நிற்கவில்லை. பொழுது சாயும்போது டார்க் ஸ்டாரை எடுத்தார்கள். அரை மணிக்குச் சற்று மேல். முதல் சரணத்துக்கு முன்பே ஒரு முழுக் கச்சேரி நடந்துவிடும். 1972க்குப் பிறகு பல பதிவுகளைப் போல இதிலும் இரண்டாம் சரணத்துக்குத் திரும்பி வருவதில்லை. கடைசியில் எல்லாம் உடைந்து நொறுங்கி, அந்த இடிபாட்டிலிருந்து துள்ளல் நடையில் ஒரு கௌபாய் பாட்டு எழுந்து வரும். முதல் தடவை கேட்டபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மூன்றாவது இடத்தைக் கவனிக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். முழுப் பதிவும் 2013இல் முறையாக வெளியானது.

மாமாவின் ஓட்டு ஃபில்மோர் ஈஸ்ட் மௌனத்துக்கு. இரண்டு வருடமாக இதில் சமாதானம் ஏற்படவில்லை.

எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துக் கேக்க முடியாதா?

ஒருவர் செய்துவிட்டார். கனடாவின் ஜான் ஆஸ்வால்ட் நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, 1994-95இல் ‘கிரேஃபோல்டட்’ என்று வெளியிட்டார். வெவ்வேறு வயது கார்சியாக்கள் ஒரே சரணத்தைச் சேர்ந்து பாடுவார்கள். ஆனால் பத்துப் பதிவாவது தனித்தனியாகக் கேட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றுமிருக்காது.

73ஐயும் 74ஐயும் பிரிச்சுச் சொல்லிடுவீங்களா? ரெண்டுலயும் அதே ஆளுங்கதானே?

வாத்தியத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். மேலே சொன்ன கணக்கு இங்கே உதவாது. ஆனால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். 1974இல் ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்ற ராட்சத ஒலிபெருக்கிச் சுவரை மேடைக்குப் பின்னால் கட்டினார்கள். பாடுகிறவர் முதுகுக்குப் பின்னாலேயே ஸ்பீக்கர், அப்புறம் மைக் கூவாமல் என்ன செய்யும்? அதற்காக ஒவ்வொருவருக்கும் இரண்டு மைக்குகளை எதிரெதிர்த் துருவத்தில் இணைத்து, ஒன்றில் மட்டும் பாடினார்கள். இரண்டிலும் விழும் ஸ்பீக்கர் சத்தம் ஒன்றையொன்று அழித்துவிடும். பாட்டு மட்டும் மிஞ்சும். ஆனால் குரலின் கனமும் கொஞ்சம் போய்விடும். அதனால் 1974 டேப்புகளில் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெலிந்திருக்கும்.

கஷ்டம் என்னவென்றால், அந்த ஒரு சரணம் வரும்வரை காத்திருக்க வேண்டும். போன மாதம் இரண்டு பேர் இதில் பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் எல்லாருக்கும் மசால் தோசை. பதினெட்டாவது நிமிடம், கார்சியா முகத்தின் சொற்கட்டுக்குத் திரும்பிவிட்டார், இதோ பாடப்போகிறார் என்று எல்லாரும் முன்னால் சாய்ந்தபோது கரண்ட் போய்விட்டது. தோசை இன்னும் வரவில்லை.